டேக்வாண்டோவில் போட்டி வீரராக வளர்வது எப்படி: கொங்கு நாட்டுப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும்

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் என எந்த ஊருக்குப் போனாலும், மாலை நேரத்தில் ஏதாவது ஒரு மண்டபத்து மாடியிலோ பள்ளி வளாகத்திலோ வெள்ளைச் சீருடையில் பிள்ளைகள் வரிசையாக நின்று, கொரியத் தற்காப்புக் கலையான டேக்வாண்டோவில் உதைத்துப் பழகுவதைக் காணலாம். அவர்களில் பெரும்பாலோர் பத்தாம் வகுப்பு வந்ததும் நின்றுவிடுகிறார்கள். நிற்காமல் தொடர்ந்து இதையே வாழ்க்கையாக்கிக்கொள்ள விரும்பும் சிலருக்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது.

“பையன் பிளாக் பெல்ட் எப்பங்க மாஸ்டர் வாங்குவான்?” என்பதுதான் நம் பக்கத்துப் பெற்றோர் முதலில் கேட்கும் கேள்வி. அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்த வகுப்பு எந்த மரபைச் சேர்ந்தது? ஒலிம்பிக்கில் நடப்பது, 1973-இல் தொடங்கப்பட்டு இன்று வேர்ல்டு டேக்வாண்டோ என அழைக்கப்படும் அமைப்பின் விதிப்படி ஆடும் ஆட்டம். அந்த அமைப்பின் சர்வதேசப் போட்டிகளில் கலந்துகொள்ள, சியோலில் உள்ள டேக்வாண்டோ தலைமையகமான குக்கிவோன் வழங்கும் கறுப்புப் பட்டைச் சான்று வேண்டும். 15 வயதுக்கு உட்பட்டோருக்கு அது ‘பூம்’ என்றும், அதற்கு மேற்பட்டோருக்கு ‘டான்’ என்றும் வழங்கப்படும். 1966-இல் தோன்றிய சர்வதேச டேக்வாண்டோ கூட்டமைப்பின் (ஐ.டி.எஃப்.) மரபும் மதிக்கத்தக்க கலைதான் என்றாலும் அதன் போட்டி விதிகள் வேறு. அந்த வழியாக ஒலிம்பிக்கை எட்ட முடியாது. போதாக்குறைக்கு, நம் நாட்டில் தேசிய அங்கீகாரம் யாருக்கு என்ற சச்சரவு நீதிமன்றம் வரை போயிருக்கிறது. ஆகவே ‘நேஷனல்’ என்று அச்சிட்ட ஒவ்வொரு சான்றிதழும் செல்லும் என்று நம்பிப் பணம் கட்டுவதற்கு முன், மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில், கோவை என்றால் நேரு விளையாட்டரங்கில், அந்த ஆண்டு அங்கீகாரம் பெற்றுள்ள சங்கம் எது என்று ஒரு முறை கேட்டுவிடுங்கள்.

ஆட்டத்தில் சண்டைப் பிரிவான கியோருகி, அசைவு வரிசைப் பிரிவான பூம்சே என்று இரண்டு உண்டு. ஒலிம்பிக்கில் இருப்பது கியோருகி மட்டுமே என்பதால் இனிச் சொல்வதெல்லாம் அதைப் பற்றியது.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பின்பற்றப்பட்ட விதிப்படி, உடல் கவசத்தில் குத்தினால் 1 புள்ளி, உதைத்தால் 2, தலையில் உதைத்தால் 3. சுழன்று உதைத்தால் உடலுக்கு 4, தலைக்கு 5. விதியை மீறினால் ‘கம்ஜம்’ என்று அறிவித்து எதிராளிக்கு ஒரு புள்ளி தந்துவிடுவார்கள். இரண்டிரண்டு நிமிடம் கொண்ட மூன்று சுற்றுகளில் இரண்டை வென்றவரே வெற்றியாளர். இதில் பழகுபவர் கவனிக்க வேண்டிய நுணுக்கம், குத்துக்கும், சுழன்று உதைப்பதற்கான கூடுதல் புள்ளிக்கும் மட்டுமே நடுவர்கள் புள்ளி தருகிறார்கள் என்பதும், உதை பட்டதற்கான புள்ளியை மின்னணுக் கவசமே பதிவு செய்கிறது என்பதும்தான். காலுறையில் தைத்துள்ள சென்சார் கவசத்தின் மீது பட வேண்டும். பட்ட விசையும் அந்த எடைப் பிரிவுக்கு வைத்த அளவைத் தாண்ட வேண்டும். சாதாரணக் கவசத்தில் மண்டபமே அதிரும்படி ஓசை எழுப்பும் ரவுண்ட் கிக் (பக்கவாட்டிலிருந்து வீசும் உதை), மேற்பாதத்துக்குப் பதிலாக முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பில் பட்டிருந்தால், திரையில் எண் மாறவே மாறாது. ஓசையை வைத்துக் கைதட்டும் உள்ளூர்ப் போட்டிகளில் வென்று பழகிய பிள்ளை, மாநில அளவில் உதைத்துக்கொண்டே இருந்தும் பூஜ்யத்தில் நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுவே. மின்னணுக் கவசம் ஒரு வகுப்பு தனியாக வாங்கக்கூடிய விலையில் இல்லை. பக்கத்து ஊர் வகுப்புகள் சில சேர்ந்து வாங்கலாம், அல்லது அது இருக்கும் இடத்துக்கு மாதம் ஒரு முறையாவது ஸ்பாரிங்குக்கு (பயிற்சிச் சண்டைக்கு) பிள்ளைகளை அழைத்துப் போகலாம். அப்படிப் போகும்போது பின்காலின் பலத்தை மட்டும் நம்பாமல், முன்காலைத் தூக்கி நிறுத்தி எதிராளியின் தூரத்தை அளக்கும் ஆட்டத்தையும் பழக வேண்டும். இன்றைய ஆட்டத்தின் பாதி அந்த முன்காலில்தான் இருக்கிறது.

வயதுக் கணக்குதான் நம் ஊரில் பலரின் ஆட்டத்தை முடித்துவைக்கிறது. 12 முதல் 14 வரை கேடட், 15 முதல் 17 வரை ஜூனியர், 17 முதல் சீனியர் என்று பிரிக்கிறார்கள்; 17 வயதினர் இரண்டிலும் வருவார்கள். பிறந்த ஆண்டே கணக்கு என்பதால் டிசம்பரில் பிறந்த பிள்ளை, ஏறக்குறைய ஒரு வயது மூத்த ஜனவரிப் பிள்ளையோடு மோத நேரும். ஜூனியர் வயது, பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் இடைப்பட்ட அதே ஆண்டுகள். மதிப்பெண்ணுக்கென்றே பிள்ளைகளை விடுதியில் சேர்க்கும் வழக்கம் நாமக்கல் பக்கத்தில் வேரூன்றியது. விடுதி வாயிலுக்குள் போன பிறகு ஸ்பாரிங் ஏது? இதற்கு என் யோசனை, ஒன்பதாம் வகுப்பு முடியும்போதே முடிவெடுங்கள் என்பதுதான். வெளியே சென்று பயில அனுமதிக்கும் பள்ளியைத் தேர்ந்தெடுத்து, ஜூன் மாதத்திலேயே போட்டி அட்டவணையைத் தலைமையாசிரியரிடம் கொடுத்து வருகைப்பதிவுக்கு வழி கேளுங்கள். தேர்வு ஆண்டில் பயிற்சியைக் குறைக்கலாம், வாரத்துக்கு மூன்று நாளாக்கலாம், நிறுத்தக் கூடாது. பதினைந்து வயதில் ஓராண்டு விட்ட வேகமும் இடுப்பின் நெகிழ்வும் திரும்பி வருவது மிகக் கடினம்.

அடுத்தது எடை. உலகப் போட்டியில் ஆணுக்கும் பெண்ணுக்கும் எட்டெட்டுப் பிரிவுகள் உண்டு. ஒலிம்பிக்கில் நான்கே நான்கு: ஆண்களுக்கு 58, 68, 80 கிலோவும் அதற்கு மேலும், பெண்களுக்கு 49, 57, 67 கிலோவும் அதற்கு மேலும். உலகப் போட்டியில் 63 கிலோவுக்கு உட்பட்டு ஆடும் இளைஞர் ஒலிம்பிக் கனவு கண்டால், இறங்குவதா ஏறுவதா என்பதைச் சில ஆண்டுகளுக்கு முன்பே தீர்மானிக்க வேண்டும். வளரும் பிள்ளைகளை ரெயின்கோட் மாட்டி ஓடவிட்டு எடை குறைப்பதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். கேடட் வயதில் பிள்ளை இருக்கும் எடையில்தான் ஆட வேண்டும். உணவுக்கு நம் வீட்டுச் சமையலே போதும்: அரிசிம்பருப்புச் சோறு, கொள்ளு, ராகிக் களி, பச்சைப்பயறுக் கடைசல், நாமக்கல் முட்டை. டெல்லிப் பக்கம் போட்டி என்றால் கோவையிலோ ஈரோட்டிலோ கேரளா எக்ஸ்பிரஸ் ஏறி இரண்டு இரவுகள் பயணம் செய்ய வேண்டியிருக்கும். அந்த இரண்டு நாளும் ரயிலில் வரும் உப்பு மிகுந்த பிரியாணியைச் சாப்பிட்டால் உடம்பில் நீர் தங்கி, எடை பார்க்கும் காலையில் தராசு காட்டிக்கொடுத்துவிடும். அவித்த முட்டை, வறுத்த நிலக்கடலை, வாழைப்பழம், சத்துமாவு ஆகியவற்றைப் பையில் கட்டிக்கொண்டு போவது நல்லது.

எடை குறைக்கச் சிறுநீர் பெருக்கும் மாத்திரையைக் கொடுப்பவர் எவராயினும் அவரிடமிருந்து விலகிவிடுங்கள். அது உலக ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் உள்ளது. சில சளி மாத்திரைகளில் இருக்கும் சூடோஎஃபிட்ரினும் போட்டிக் காலத்தில் ஆபத்து. மருத்துவர் எழுதித் தந்தார் என்பதோ, புரோட்டீன் டப்பாவில் கலந்திருந்தது தெரியாது என்பதோ தண்டனையிலிருந்து காப்பாற்றாது. காயங்களில் மேற்பாத எலும்பு முறிவும், முழங்கால் தசைநார்க் கிழிவும் அதிகம். எதிராளியின் முழங்கையில் போய்ப் படும் உதையே முதலாவதற்குக் காரணம். தலையில் அடிபட்டு மயங்கி விழுந்தவர் 30 நாள் போட்டியில் இறங்கக் கூடாது என்பது விதி. அந்த நாள்களில் வகுப்பில் ஸ்பாரிங்கும் வேண்டாம்.

பிழைப்புக்கு என்ன வழி என்று கேட்பது நியாயமே. 2024 பாரிஸ் வரை ஒலிம்பிக் டேக்வாண்டோவில் இந்தியர் எவரும் ஆடியதில்லை. பாராலிம்பிக்கில் டோக்கியோவில் ஆடிய அருணா தன்வர்தான் இவ்விளையாட்டில் நமக்கு முதல் வீராங்கனை. தாய்லாந்தின் பனிபக் வோங்பட்டனகிட் 49 கிலோ பிரிவில் டோக்கியோவிலும் பாரிஸிலும் தங்கம் வென்று, இருபத்தேழு வயதையொட்டி ஓய்வு பெற்றார். ஆட்டத்தின் ஆயுள் அவ்வளவுதான் என்பதால் கல்வியையும் வேலையையும் கூடவே நடத்திச் செல்ல வேண்டும். தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. மத்திய அரசின் விளையாட்டு ஒதுக்கீட்டுப் பட்டியலிலும் டேக்வாண்டோ இருக்கிறது. ரயில்வேயும் துணை ராணுவப் படைகளும் அவ்வப்போது ஆள் எடுக்கின்றன. பொறியியல் கலந்தாய்விலும் விளையாட்டுப் பிரிவு உண்டு. எனினும் கோவைக் கல்லூரிகளில் கூடைப்பந்து ஆடுபவருக்குக் கிடைக்கும் வரவேற்பை டேக்வாண்டோ வீரர் எதிர்பார்க்க முடியாது. உடற்கல்வித் துறைத்தலைவரை நேரில் பார்த்துப் பேசத்தான் வேண்டும். ஆட்டம் முடிந்தபின் பயிற்சியாளராக விரும்புவோர் பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பட்டயப் படிப்பையும், மற்றவர்கள் நடுவர் தேர்வையும் முயன்று பார்க்கலாம்.

இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை காகிதங்கள். நம்மவர் பெயருக்கு முன் இனிஷியல் வைப்பதால், பிறப்புச் சான்றில் ஒரு விதமாகவும், ஆதாரில் ஒரு விதமாகவும், குக்கிவோன் சான்றில் அப்பா பெயரே பிள்ளையின் பெயராகவும் ஏறிவிடுவது சகஜம். முதலில் பாஸ்போர்ட்டை எடுத்து, அதில் உள்ள எழுத்துப்படியே மற்ற எல்லா விண்ணப்பங்களையும் நிரப்புங்கள். ஒவ்வொரு போட்டி முடிந்ததும் சான்றிதழோடு ஆட்ட வரிசைப் படிவத்தின் நகலையும் அங்கேயே கேட்டு வாங்கிக் கோப்பில் வையுங்கள். வேலை விண்ணப்பத்தின்போது எத்தனை பேர் ஆடிய பிரிவில் பதக்கம் வந்தது என்று கேட்டால் காட்டுவதற்கு அது உதவும்.