சின்ன அலுவலகத்துக்கு டிஎன்எஸ் தேவையா? – என் அனுபவம்

எங்கள் அலுவலகத்தில் 12 கணினிகள், ஒரு ஃபைல் சர்வர், இரண்டு பிரிண்டர்கள். பெயரைக் கேட்டால் அதற்குரிய ஐபி முகவரியை (வலையமைப்பில் கணினியின் எண்) சொல்லும் டிஎன்எஸ் இதற்குத் தனியாக எதற்கு என்று நினைத்து, ஒவ்வொரு கணினியிலும் பெயர்-முகவரிப் பட்டியலான ஹோஸ்ட்ஸ் ஃபைலில் சர்வரின் ஐபி முகவரியை எழுதி வைத்திருந்தேன். ரௌட்டரை மாற்றிய அன்று சர்வருக்கு வேறு முகவரி விழுந்தது. ஒவ்வொன்றாக உட்கார்ந்து திருத்தினேன். விடுப்பில் இருந்தவரின் லேப்டாப் மட்டும் விட்டுப்போய், அடுத்த வாரம் அவருக்கு எந்த ஃபைலும் திறக்கவில்லை.

புது ரௌட்டரிலேயே டிஎன்எஸ்மாஸ்க் என்ற சிறிய டிஎன்எஸ் மென்பொருள் இருந்தது. சர்வருக்கும் பிரிண்டர்களுக்கும் டிஹெச்சிபியில் (கணினிகளுக்குத் தானாக முகவரி வழங்கும் வசதி) நிலையான முகவரி ஒதுக்கி, பெயர்களை அங்கே ஒரே இடத்தில் எழுதினேன். இரண்டு மூன்று கணினிகள்தான் என்றால் இதுகூட வேண்டாம்; சர்வர் என்று ஒன்று வந்துவிட்டால் கட்டாயம் வேண்டும் என்பேன்.

ஆனாலும் சர்வர் பெயர் சில சமயம் கிடைத்தது, சில சமயம் கிடைக்கவில்லை. அரை நாள் தேடினேன். ஒரு பாதுகாப்புக்கு இருக்கட்டும் என்று இரண்டாவது டிஎன்எஸ்ஸாக வெளி சர்வர் ஒன்றைக் கொடுத்திருந்ததுதான் காரணம். முதலாவது கொஞ்சம் தாமதித்தால் கணினி இரண்டாவதைக் கேட்கும். அதற்கு நம் உள் பெயர் தெரியாது. ‘அப்படி ஒரு பெயரே இல்லை’ என்று சொல்லிவிடும். அதுவும் முறையான பதில்தான் என்பதால் கணினி அதோடு நிறுத்திக்கொள்ளும். எல்லாக் கணினிகளுக்கும் ரௌட்டரை மட்டும் கொடுத்து, வெளிப் பெயர்களை அதுவே கேட்டு வரும்படி வைத்தேன். சரியாகிவிட்டது.

அப்புறம், உள் பெயரின் முடிவாக ‘டாட் லோக்கல்’ வைக்காதீர்கள். அது 2013 முதல் டிஎன்எஸ் சர்வர் இல்லாமலே கருவிகள் ஒன்றையொன்று பெயரால் கண்டுபிடிக்கும் மல்டிகாஸ்ட் டிஎன்எஸ்ஸுக்கு ஒதுக்கப்பட்டது. தனி வலையமைப்புகளுக்கென்றே 2024-ல் இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு ஒதுக்கிய ‘டாட் இன்டர்னல்’ இருக்கிறது. நான் அதைத்தான் வைத்திருக்கிறேன்.