ஒரு குத்துச்சண்டை வீரரின் தலைசிறந்த வெற்றியை மதிப்பிடுவது எப்படி?

ஒரு வெற்றி எவ்வளவு பெரியது என்ற விவாதம் பெரும்பாலும் திசைமாறிப் போவதற்குக் காரணம், அதில் மூன்று தனித்தனிக் கேள்விகள் கலந்துவிடுவதே. வென்றவர் எவ்வளவு பெரிய வீரர், அந்தச் சண்டை எவ்வளவு பரபரப்பாக இருந்தது, அந்த வெற்றியை அடைவது எவ்வளவு கடினமாக இருந்தது என்பவையே அந்த மூன்று. நீங்கள் மதிப்பிட வேண்டியது மூன்றாவதை மட்டுமே. பஸ்டர் டக்ளஸ் மாபெரும் வீரர்களின் வரிசையில் வரமாட்டார். ஆனால் 1990 பிப்ரவரியில் டோக்கியோவில், அதுவரை 37 சண்டைகளில் தோல்வியே காணாத மைக் டைசனைப் பத்தாவது சுற்றில் அவர் வீழ்த்தியதை அந்தக் காரணத்துக்காகக் குறைத்து மதிப்பிட முடியாது.

முதலில், மணி அடிப்பதற்கு முன்பு தோற்றவர் எந்த நிலையில் இருந்தார் என்பதை எழுதிக்கொள்ளுங்கள்: வயது, அண்மைய சண்டைகள், எடை, கடைசியாகக் களமிறங்கி எவ்வளவு காலம் ஆயிற்று என்பவை போதும். 1974 அக்டோபர் 30 அன்று கின்ஷாசாவில் முகமது அலியை எதிர்கொண்ட ஜார்ஜ் ஃபோர்மேனுக்கு வயது 25. 40 சண்டைகளில் 40 வெற்றிகள், அவற்றில் 37 நாக் அவுட்கள். அலியை முன்னர் தோற்கடித்திருந்த ஜோ ஃபிரேசியர், கென் நார்ட்டன் இருவரையும் அவர் இரண்டே சுற்றுகளில் முடித்திருந்தார். 32 வயது அலி எட்டாவது சுற்றில் பெற்ற நாக் அவுட்டின் மதிப்பு இந்த விவரங்களில்தான் இருக்கிறது. அந்தச் சண்டையைச் சுற்றி எழுந்த கதைகளில் இல்லை. இதே கணக்கை 1951-இல் ராக்கி மார்சியானோ ஜோ லூயிஸை வென்றதற்கும், 1980-இல் லாரி ஹோம்ஸ் அலியை வென்றதற்கும் போட்டுப் பார்த்தால், தோற்றவர்களிடம் பழைய பெயர் மட்டுமே மிஞ்சியிருந்தது என்பது விளங்கும்: லூயிஸுக்கு அப்போது வயது 37, அலிக்கு 38.

அடுத்தது, சண்டைக்குப் பின் நடந்தவற்றை எவ்வளவு தூரம் அனுமதிப்பது என்பது. விவாதம் கெடுவது பெரும்பாலும் இங்கேதான். 1977-இல் ஃபோர்மேன் ஜிம்மி யங்கிடம் தோற்றதைக் காட்டி ஒருவர் அலியின் வெற்றியைக் குறைப்பார்; 1994-இல் 45 வயதில் ஃபோர்மேன் மைக்கேல் மூரரை வீழ்த்திப் பட்டத்தை மீட்டதைக் காட்டி இன்னொருவர் அதை உயர்த்துவார். தோல்வியே ஒரு வீரரை மாற்றிவிடக்கூடும் என்பதால், பிந்தைய சான்றுகளைத் துணைச் சான்றுகளாக மட்டும் கொள்ளுங்கள். "அவர் தோற்றார், ஆகவே அவர் அப்போதே சரிந்துகொண்டிருந்திருக்க வேண்டும்" என்ற வாதத்தை ஏற்கவே வேண்டாம். அந்தத் தர்க்கப்படி எவரும் எவரையும் நல்ல நிலையில் வென்றதாகவே ஆகாது.

தோற்றவர் சரியாகத் தயாராகவில்லை என்ற வாதமும் அடிக்கடி வரும். பயிற்சியில் அசட்டையாக இருந்தது அவருடைய சொந்தப் பொறுப்பு. அதற்காக வென்றவரின் மதிப்பில் கொஞ்சம்தான் குறைக்கலாம். எடை ஒப்பந்தம், அதாவது எந்த எடைக்குள் மோதுவது என்று இரு தரப்பும் செய்துகொள்ளும் உடன்பாடு, அப்படிப்பட்டதன்று. 2008 டிசம்பரில் ஆஸ்கர் டி லா ஹோயாவை எட்டுச் சுற்றுகளுக்குப் பின் விலக வைத்த மானி பாக்கியாவ், அதே ஆண்டின் நடுவில் 135 பவுண்ட் பிரிவில் சண்டையிட்டவர் என்பது வியப்பூட்டுவதே. ஆயினும், டி லா ஹோயா பல ஆண்டுகளாகத் தொடாத 147 பவுண்டுக்கு இறங்க வேண்டியிருந்தது என்பதையும் அதே மூச்சில் சொல்லியாக வேண்டும். என் கணிப்பில் அது துணிச்சலான வெற்றி. பாக்கியாவின் மிகச் சிறந்த வெற்றி அன்று.

தீர்ப்பு சர்ச்சைக்குரியதாக இருந்தால், வர்ணனையின் ஒலியை நிறுத்திவிட்டு, சுற்றை வென்றவருக்கு 10, தோற்றவருக்கு 9 என்ற வழக்கமான முறையில் நீங்களே புள்ளியிடுங்கள். 1987-இல் சுகர் ரே லெனார்ட், மார்வின் ஹாக்லர் சண்டையில் ஒரு நடுவர் லெனார்டுக்கு 115-113 என்றும், இன்னொருவர் ஹாக்லருக்கு 115-113 என்றும், மூன்றாமவர் லெனார்டுக்கு 118-110 என்றும் கொடுத்தனர். லெனார்ட் முந்தைய ஐந்து ஆண்டுகளில் ஒரே ஒரு முறைதான் களமிறங்கியிருந்தார். எதிரே இருந்தவர் 1976-க்குப் பிறகு தோற்றிராதவர். இவை வெற்றியை உயர்த்துகின்றன. அதே நேரம், 15 சுற்றுகளுக்குப் பதில் 12 சுற்றுகள், பெரிய களம் ஆகிய லெனார்டின் நிபந்தனைகளை ஹாக்லர் தரப்பு ஏற்றிருந்தது என்பதையும் எதிர்ப்பக்கத்தில் எழுத வேண்டும்.

கடைசியாக, மறுசண்டை. 1980 ஜூனில் மாண்ட்ரியலில், இலகு எடைப் பிரிவிலிருந்து உயர்ந்து வந்த ராபர்ட்டோ துரான், அதுவரை தோல்வி காணாத லெனார்டை 15 சுற்றுகளில் ஒருமனதான தீர்ப்பால் வென்றார். நவம்பரில் நடந்த மறுசண்டையில் எட்டாவது சுற்றில் தாமே விலகினார். இரண்டாவது சண்டையில் லெனார்ட் நின்று மோதுவதை விட்டு நகர்ந்து சண்டையிட்டார், அதாவது தம் உத்தியை மாற்றிக்கொண்டார். ஆகவே நவம்பர் தோல்வியைத் துரானின் ஒட்டுமொத்தத் தரவரிசையில் சேர்த்துக்கொள்ளலாம். ஜூன் வெற்றியின் மதிப்பிலிருந்து அதைக் கழிக்க வேண்டியதில்லை.