திப்புவின் துப்பாக்கியை எப்படிப் பார்ப்பது? ஒரு நகாசுக்காரரின் குறிப்பு

முப்பத்தொரு வருஷம் நகைப் பட்டறையில் நகாசு வேலை பார்த்தவன் நான். 2015 ஏப்ரலில் மகள் வீட்டுக்கு லண்டன் போயிருந்த சமயம், திப்பு சுல்தானின் ஆயுதங்கள் அங்கே ஏலத்துக்கு வந்தன. ஏலத்துக்கு முன்பு யாரும் போய்ப் பார்க்கலாம் என்றாள் மகள். பட்டறை லென்ஸைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனேன். இரண்டு மணி நேரம் ஒரே துப்பாக்கியின் முன்னால் நின்றேன். இப்படி ஒன்று உங்கள் கண்ணில் பட்டால், இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில், நேர் எதிரே நிற்காதீர்கள். நான் முதலில் எடுத்த போட்டோவில் பிளாஷ் வெளிச்சம் தவிர எதுவும் தெரியவில்லை. பக்கவாட்டில் போய், குழலின் மட்டத்துக்குக் குனிந்து, வெளிச்சம் உலோகத்தின் மேல் சாய்ந்து விழும்படி பாருங்கள். உளி போன தடமெல்லாம் அப்போதுதான் எழுந்து வரும்.

அடுத்து விசைப் பகுதி. சிக்கிமுக்கிக் கல்லைக் கவ்விக்கொண்டு முன்னால் பாயும் உறுப்பை நாம் ‘குதிரை’ என்கிறோம். திப்புவின் தலைநகரான ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கொல்லர்கள் அதைப் புலியாகவே செய்தார்கள். விசையைத் தட்டினால் புலி பாயும், கல் எஃகுத் தகட்டில் உரசும், பொறி வெடிமருந்துக் கிண்ணத்தில் விழும். வேலை செய்கிற உறுப்பே அலங்காரமாகவும் இருக்கிறது. இதற்கு மேல் ஒரு கைவேலைக்காரன் என்ன கேட்பான்!

பிறகு வருஷத்தைத் தேடுங்கள். பாரசீக எண்களில் இருக்கும். வழக்கமாக அந்த எண்களை இடமிருந்து வலமாகத்தான் படிப்பார்கள். நபிகளின் பிறப்பிலிருந்து எண்ணும் திப்புவின் மௌலூதி ஆண்டை மட்டும் வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். 2221 என்று தெரிந்தால் அது 1222. அதோடு 571 அல்லது 572 கூட்டினால் நம் கணக்குக்கு 1793–94 வரும். ‘ஹைதர்’ என்ற தந்தையின் பெயரை எழுத்தெழுத்தாகப் பிரித்து அடைத்த சிறு முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இனி தங்கம். இங்கே அவசரப்படாதீர்கள். எஃகின் மேல் தங்கத்தை நிறுத்த இரண்டு வழி உண்டு. ஒன்று, பள்ளம் வெட்டி, பள்ளத்தின் அடியை வாயைவிடச் சற்று அகலமாக்கி, தங்கக் கம்பியை உள்ளே வைத்துத் தட்டுவது. கம்பி பரந்து உள்ளேயே பிடித்துக்கொள்ளும். இது பதிப்பு வேலை. மற்றது கோஃப்த்காரி. எஃகு முழுக்க மயிரிழைக் கோடுகளைக் குறுக்கும் நெடுக்கும் கீறி, அந்தச் சொரசொரப்பின் மேல் மெல்லிய கம்பியை வளைத்து வைத்துச் சிறு சுத்தியால் தட்டி, சூடு காட்டி, அகேட் கல்லால் தேய்த்து மெருகேற்றுவது. தங்கம் தேய்ந்த இடம்தான் உங்களுக்கு ஆசான். அங்கே லென்ஸை வையுங்கள். கீறல் வலை தெரிந்தால் கோஃப்த்காரி. கோடு மட்டும் பள்ளமாகத் தெரிந்தால் பதிப்பு வேலை. கோஃப்த்காரியைச் சிலர் மட்டமாகப் பேசுவார்கள். எனக்கு உடன்பாடில்லை. வளைவான குழலில் ஆயிரக்கணக்கான கீறல்களை ஒரே ஆழத்தில் போடுவது சும்மா வருகிற காரியமில்லை.

மாற்றிய உறுப்பு இருக்கிறதா என்பதைத் திருகாணித் தலையிலும், மரமும் இரும்பும் சேரும் விளிம்பிலும் பார்த்தால் போதும். பழைய பொருத்தத்தில் ரோமம் நுழைய இடம் இருக்காது.

1799 மே 4-ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டை விழுந்து திப்பு இறந்த பிறகு நடந்த சூறையில் இந்த ஆயுதங்கள் பிரிட்டனுக்குப் போயின. விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கும் மரப்புலி பொம்மையும் அப்படிப் போனதுதான். அதை நினைக்கும்போது இன்றும் மனசு வலிக்கிறது.

கடைசியில் பென்சிலும் தாளும் எடுங்கள். பப்ரி என்கிற புலிவரிகளில் ஐந்தாறை வரையுங்கள். நடுவில் தடித்து இரு முனையும் கூராக வளையும் வரி அது. நான் வரைந்தபோது, குழலின் அடிப்பக்கம் ஒரு வரி மட்டும் பக்கத்து வரியைவிடக் குட்டையாக இருந்தது. லென்ஸில் பார்த்தேன். உளி வழுக்கிய சிறு கீறல் ஒன்று; அதைத் தாண்டாமல் வரியை அங்கேயே கூராக்கி முடித்திருந்தார் அந்த மனிதர். நானும் தாலிக்காசில் அப்படித்தான் செய்திருக்கிறேன்.