வெள்ளத்துக்குப் பிறகு வரைய உட்காருகிறவர்களுக்கு

2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் பெய்த மழையைப் பற்றித் தென்னாப்பிரிக்காவின் டர்பன்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் மாகாணமான குவாசுலு-நட்டாலின் சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. 400க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். டோங்காட்டின் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் சிதைந்ததால் அந்த ஊர்க் குழாய்களில் மாதக்கணக்கில் தண்ணீர் வரவில்லை. இத்தனைக்கும் நடுவில் மலையையும் கடலையும் கரும்புத் தோட்டத்தையும் வரைந்துகொண்டிருப்பது சரியா என்ற கேள்வி, நிலக்காட்சி வரையும் யாருக்கும் வரும். சரிதான் என்பது என் பதில். எந்த நிகழ்ச்சியும் ஏதோ ஒரு நிலத்தின்மேல்தான் நடக்கிறது. செய்தி வேறு ஊருக்குப் போன பிறகும் அதன் தடம் அங்கேயே கிடக்கிறது. அதைப் பார்க்கத் தெரிந்தவர் ஓவியர். ஆனால் அங்கே போய்ச் சேர்வதற்குள் நம்மில் பலர் வழுக்கி விழுகிற இடங்கள் இருக்கின்றன.

எல்லாவற்றிலும் அதிகமாக நடப்பது, செய்திப் படத்தைப் பார்த்து வரைவது. டர்பனுக்குத் தெற்கே வெள்ளத்தில் மிதந்துபோய் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்த கப்பல் கன்டெய்னர்களின் படம் உலகம் முழுக்கப் போனது. அதை ஃபோனில் வைத்துக்கொண்டு கேன்வாஸில் ஏற்றினால் கையில் மிஞ்சுவது புகைப்படக்காரரின் முடிவுகள் மட்டும்தான். எங்கே நிற்பது, எதை வெட்டுவது, எதைப் பெரிதாக்குவது எல்லாம் அவர் எடுத்த முடிவுகள். தூரத்து லென்ஸ் பின்னால் இருப்பதை முன்னால் இழுத்துவிடும். நிழல்கள் கறுப்பாக அடைத்துப்போகும். நேரில் நின்றால் அதே நிழலுக்குள் சேற்றின் பழுப்பும் வானத்தின் நீலமும் தெரியும். கன்டெய்னருக்குப் பத்தடி தள்ளி, தண்ணீர் போன திசையிலேயே நாணல் முழுக்கப் படுத்திருப்பதும் தெரியும். வெள்ளத்தின் வேகத்தை எனக்குச் சொல்வது அந்த நாணல்தான். அது எந்தச் செய்திப் படத்திலும் வராது.

ஆகவே போய் நில்லுங்கள். தீப்பெட்டி அளவில் நான்கு கட்டம் போட்டு, பென்சிலால் வெளிச்சம், நடுத்தரம், இருட்டு என்ற மூன்று அடர்வுகளை மட்டும் குறியுங்கள். விவரம் எதுவும் வேண்டாம். நிறத்துக்கு வாட்டர்கலரில் சின்னச் சின்னத் தீற்றல்கள் போதும். நம் ஊர்ச் செம்மண் கலந்த வெள்ளநீரை வெறும் பழுப்பு என்று நினைக்காதீர்கள். பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பில் துளி அல்ட்ராமெரின் நீலம் சேர்த்தால் அதற்கு நெருக்கமாக வரும். மேகம் விலகியதும் அதே தண்ணீர் வெள்ளியாகிவிடும். அதற்குள் குறித்துவிட வேண்டும்.

இன்னொன்று, வெளிச்சத்தைப் பற்றிய பாடங்களைக் கண்மூடி எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரும்பாலான ஓவிய நூல்களும் வீடியோக்களும் ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ இருப்பவர்களுக்காகச் செய்தவை. நாள் முழுக்க மாறாத வெளிச்சத்துக்கு வடக்கு ஜன்னல் வைக்கச் சொல்லும். பூமியின் தென்பாதியில் இருக்கும் நமக்குச் சூரியன் வடக்குப் பக்கமாகப் போவதால் தெற்கு ஜன்னல்தான் வேண்டும். நிழல் விழும் பக்கமும் அப்படியே மாறும். பார்த்து வரையாமல் படித்து வரைந்த நிழல் சட்டென்று காட்டிக்கொடுத்துவிடும்.

ஸ்கெட்ச் எடுத்த சூட்டோடு பெரிய கேன்வாஸை விரிப்பது அடுத்த சறுக்கல். குறிப்பெடுப்பதில் அவசரம் வேண்டும், ஓவியத்தில் கூடாது. 1834 அக்டோபர் 16 இரவு லண்டன் நாடாளுமன்றக் கட்டடம் எரிந்தபோது ஆங்கில ஓவியர் டர்னர் தேம்ஸ் ஆற்றுப் பக்கம் நின்று பார்த்தார். அதை வைத்து அவர் தீட்டிய இரண்டு எண்ணெய் ஓவியங்களும் காட்சிக்கு வந்தது 1835-இல். இடையில் இருந்த மாதங்களில்தான் எது தங்குகிறது, எது உதிர்கிறது என்பது தெரிகிறது. முதல் வாரத்தில் மனசு முழுக்க இடிந்த பாலம் இருக்கும். மூன்று மாதம் கழித்து அதே இடத்துக்குப் போனால், பாலத்தைவிட அதன் கீழே புதிதாக முளைத்த ஆமணக்கு உங்களைப் பிடித்து நிறுத்தலாம். அப்போது ஓவியத்தின் பொருள் மாறிவிட்டது என்று அர்த்தம், மாறட்டும்.

நிறத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். துக்கம் என்றால் சாம்பலும் கறுப்பும் என்று கை தானாகப் போகிறது. 2021 ஜூலையில் இந்த மாகாணத்தில் கடைகளும் கிடங்குகளும் சூறையாடப்பட்ட கலவரத்தின்போது, டர்பனுக்கு வடக்கே உம்லாங்காவுக்குப் பக்கத்தில் கோர்னுபியாவில் ஒரு விவசாய இரசாயனக் கிடங்கு எரிந்தது. அதிலிருந்து வழிந்த நஞ்சு ஓடை வழியாக ஓலாங்கா கழிமுகத்துக்குப் போய் மீன்களைக் கொன்றது, கடற்கரைகளை மூடினார்கள். அந்த ஓடை நீர் எப்படி இருந்தது தெரியுமா? பளீரென்ற பச்சைநீலம். சுற்றுலா விளம்பரத்தில் வரும் கடலின் நிறம். அதைக் கறுப்பாகத் தீட்டுகிறவர் நடந்ததையே பொய்யாக்குகிறார். அந்த அழகான நிறத்தை அப்படியே வைத்து, கரையில் செத்த மீனையும் வைத்தால் பார்ப்பவருக்கு வயிறு கலங்கும். கரும்புக்குத் தீ வைக்கும் பருவத்தில் வெருலம் பக்கம் மாலை வானம் எவ்வளவு பொன்னாக இருக்கும் என்று பார்த்திருப்பீர்கள். வானம் நம் துக்கத்துக்காக நிறம் மாறாது.

அப்புறம் அடையாளச் சின்னங்கள். கிழிந்த கொடி, அழுகிற குழந்தை, சேற்றில் கிடக்கும் பொம்மை. ஓவியம் போதுமான அளவு பேசவில்லை என்ற பயத்தில் இவற்றைக் கொண்டுவந்து வைக்கிறோம். நம் சங்கப் புலவர்களுக்கு இந்தப் பயம் இருந்ததில்லை. ஓர் எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு, முள்வேலியைக் கொம்பால் தூக்கிவிட்டு, வயலில் இறங்கித் தாமரையை மேய்கிறது. பாட்டு சொல்வது அவ்வளவுதான். கேட்பவருக்கோ பரத்தை வீட்டுக்குப் போய்வந்த தலைவன் தெரிகிறான். உள்ளுறை என்று இதை வகுத்து வைத்திருக்கிறார்கள். நிலத்தில் உள்ளதை ஒழுங்காகச் சொன்னால் சொல்லாதது தானாக வந்து நிற்கும் என்ற நம்பிக்கை அது. ஒரு நிலக்காட்சி ஓவியருக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை, அதுவும் நம் மொழியிலேயே இருக்கிறது. மரக்கிளையில், ஆள் உயரத்துக்கு மேலே, ஒரு சேலைத் துணி மாட்டியிருந்தால் அதை இருந்த இடத்தில், இருந்த அளவில் வரையுங்கள். தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது என்பது அதிலேயே இருக்கிறது. அதை முன்னால் இழுத்து, சிவப்பாக்கி, காற்றில் பறக்கவிட்டால் உண்மை போய்விடும்.

இதற்கு எதிர்ப்பக்கத்துத் தவறு, நிலத்தைத் துடைத்துச் சுத்தமாக்குவது. தென்னாப்பிரிக்க நிலக்காட்சி என்றதும் முதலில் வரும் பெயர் பியர்னீஃப். ஜோகன்னஸ்பர்க் ரயில் நிலையத்துக்கு அவர் தீட்டிக் கொடுத்த பெரிய காட்சிகள் 1932-இல் அங்கே வைக்கப்பட்டன. மேகக் கோபுரங்கள், குடை மரங்கள், அமைதியான மலைகள்; வரைதிறனில் குறை சொல்ல முடியாது. ஆனால் மனிதர்கள் ஏறக்குறைய இல்லை. 1913 நிலச் சட்டம் கறுப்பின மக்களுக்கு நாட்டில் ஏழு சதவீத நிலத்தை மட்டும் ஒதுக்கிய காலத்துக்குப் பின் வந்த ஓவியங்கள் இவை. நிலம் காலியாகத்தான் கிடந்தது என்று சொல்வதற்கு அந்த அழகு உதவியது என்று பின்னால் வந்த விமர்சகர்கள் எழுதினார்கள். எனக்கு அது நியாயமாகவே படுகிறது. தமிழ்த் திணை மரபில் காலி நிலம் என்பதே கிடையாது. அந்த நிலத்தின் மரம், விலங்கு, பறையோடு அங்கே வாழும் மக்களும் அவர்கள் தொழிலும் கருப்பொருளில் வந்துவிடுவார்கள். ஆள் உருவம் வரையத்தான் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒற்றையடிப் பாதை, தகரக் கூரை, மின்கம்பி, ஆற்றங்கரைக் குடிசைகள் இருந்த இடத்தில் மிஞ்சிய சிமென்ட் தளம், இவற்றை ‘காட்சிக்கு இடைஞ்சல்’ என்று தள்ளாதீர்கள்.

தென்னாப்பிரிக்க ஓவியர் வில்லியம் கென்ட்ரிட்ஜ் ஜோகன்னஸ்பர்க்கைச் சுற்றியுள்ள சுரங்க நிலத்தைக் கரியால் வரைந்து, அழித்து, அழித்த தடம் தெரியும்படியே மேலே வரைவார். மண் மறைப்பதையும் மறைக்க முடியாததையும் ஒரே தாளில் காட்டும் வழி அது. கரித்துண்டும் ஒரு ரப்பரும் இருந்தால் யாரும் செய்து பார்க்கலாம்.

நடந்ததை முதல்முறை நடந்ததுபோல் வரைவதும் பெரிய தவறு. டர்பனில் உம்கேனி ஆற்றின் ஸ்பிரிங்ஃபீல்ட் தாழ்நிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இன்று அங்கே கடைகளும் கிடங்குகளும் நிற்கின்றன. முன்பு அந்த ஆற்றங்கரையில் ஒப்பந்தக் கூலி முடித்த நம்மவர்கள் காய்கறி பயிரிட்டார்கள். 1917 அக்டோபரில் வெள்ளம் வந்தபோது ‘படவாட்டன் அறுவர்’ என்று இன்று நினைவுகூரப்படும் ஆறு மீனவர்கள் படகில் போய் 176 பேரை மீட்டார்கள். பிறகு அங்கே தகரக் கொட்டகைகள் எழுந்து ‘டின் டவுன்’ என்று பெயர் வந்தது. 1976 வெள்ளத்துக்குப் பின் அந்தக் குடும்பங்கள் டர்பனுக்கு வடக்கே இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் ஃபீனிக்ஸுக்குப் போயின. 1987-இல் மறுபடி பெருவெள்ளம். இதெல்லாம் தெரிந்தவர் அதே கரையில் நின்றால் அடிவானத்தை வேறு உயரத்தில் வைப்பார். வானத்தைக் குறைத்து, தண்ணீர் ஏறிவரக்கூடிய தட்டையான மண்ணுக்குப் பாதிக்கு மேல் இடம் கொடுப்பார். வரலாறு ஓவியத்துக்குள் நுழைவது இப்படித்தான், கட்டமைப்பின் வழியாக.

நம்முடைய இழப்பை மட்டும் வரைவது பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும். அதே 2021 ஜூலைக் கலவரத்தில் ஃபீனிக்ஸிலும் அதைச் சுற்றியும் 36 பேர் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் கறுப்பின மக்கள். ஃபீனிக்ஸையும் பக்கத்தில் கறுப்பின மக்கள் வாழும் பாம்பாயியையும் சேர்க்கும் சாலைகளைப் பார்த்தால் வழக்கமான சாலைகள்தான். தமிழ் ஓவியர் ஒருவர் எரிந்த கடைகளை மட்டும் வரைந்துவிட்டு அந்தச் சாலைகளை விட்டுவிட்டால், அவர் பார்க்க மறுத்தது ஓவியத்தில் தெரியும். அந்தச் சாலையை எப்படி வரைவது என்பதற்கு என்னிடம் சூத்திரம் இல்லை. அந்தப் பக்கத்துக் குடும்பங்களோடு பேசாமல் தொடங்கக் கூடாது என்பதில் மட்டும் உறுதியாக இருக்கிறேன்.

இடிந்த வீட்டின் முன் ஓவியத் தாங்கியை நிறுத்துமுன் வீட்டுக்காரரிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். தலைப்பில் ‘கண்ணீர்’, ‘சீற்றம்’ எல்லாம் வேண்டாம். இடப் பெயரும் மாதமும் போதும். ஆங்கில ஓவியர் கான்ஸ்டபிள் 1821, 1822-இல் லண்டனின் ஹாம்ப்ஸ்டெட்டில் மேகங்களைத் தீட்டியபோது தேதி, நேரம், காற்றின் திசை ஆகியவற்றைப் பின்பக்கம் குறித்து வைத்தார். நீங்களும் ஒவ்வொரு ஸ்கெட்சின் பின்னாலும் அதை எழுதுங்கள். கூடவே, வெள்ளக்கோடு சுவரில் எந்த உயரத்தில் இருந்தது என்பதையும் எழுதி வையுங்கள். அடுத்த மழைக்குள் யாராவது வெள்ளையடித்துவிடுவார்கள்.