காலிப்பர் பின் இறுகிவிட்டால் இழுக்காதீர்கள், திருப்புங்கள்
தேவனாம்பட்டினம் பக்கம் கடற்காற்றில் நிற்கும் கார்களில் பிரேக் பேட் மாற்றும்போது, காலிப்பர் (பேடுகளை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) நகர்ந்து கொடுக்க உதவும் ‘பின்’ என்ற கம்பித்தண்டு துருப்பிடித்து அசையவே அசையாது. உள்பக்க பேட் மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால் முதலில் பின்னைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

சுத்தியலால் அடித்துப் பிடுங்கப் பார்க்காதீர்கள், பின் வளைந்துவிடும். காலிப்பரைக் கழற்றி கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள். பிரேக் ஹோஸில் தொங்கவே கூடாது. காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட்டையும் கழற்றி வைஸில் (இறுக்கிப் பிடிக்கும் கருவி) பிடியுங்கள். ரப்பர் உறையை விலக்கி, துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறட்டும். காலையில் ஸ்பேனர் போட்டு இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் திருப்புங்கள். சுழல ஆரம்பித்த பிறகு, திருப்பிக்கொண்டே வெளியே இழுங்கள். பொறுமைதான் வேண்டும். எனக்கு ஒரு பின்னுக்கு முக்கால் மணி நேரம் ஆனது.

அப்படியும் வராவிட்டால் ரப்பரைக் கழற்றிவிட்டு, எண்ணெயைத் துடைத்து, பிராக்கெட்டை மட்டும் சூடுபடுத்தலாம். பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் நெருப்பு காட்டவே காட்டாதீர்கள், நச்சுப்புகை வரலாம்.

பின் நுழையும் குழியில் உள்ள துருவைச் சுத்தம் செய்து, பிரேக்குக்கான சிலிக்கான் கிரீஸ் மட்டும் மெல்லிசாகப் பூசுங்கள். சாதாரண கிரீஸில் ரப்பர் ஊதிப்போய் மறுபடி இறுகும். கிழிந்த உறையை மாற்றியே ஆகவேண்டும், உப்புக்காற்று நுழைவதே அதன் வழியாகத்தான். சில கார்களில் மேல் பின்னும் கீழ் பின்னும் வேறு வேறு, இடம் மாற்றிவிடாதீர்கள்.

வண்டியை நகர்த்தும் முன் பெடல் கெட்டியாகும்வரை மிதியுங்கள்.