காஸ் அடிக்க முதல் ஏசியின் வெளி யூனிட்டை ஒருக்கால் பாருங்கள்

கிளிநொச்சியோ முல்லைத்தீவோ வவுனியாவோ, ஏசி குளிரவில்லை என்றால் முதலில் வரும் கதை "காஸ் முடிஞ்சு போச்சு" என்பதுதான். மோட்டார் சைக்கிளுக்கு அடிக்கிற பெற்றோல் மாதிரி எரிந்து முடிகிற சாமான் இல்லை அது. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும், எங்காவது கசிந்தால் மட்டும்தான் குறையும். வருடா வருடம் காஸ் அடித்துக் காசைக் கொட்டுகிறவர்களைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கும், ஏனென்றால் வெளியில் நிற்கிற அந்தப் பெட்டியைக் கொஞ்ச நேரம் ஒழுங்காகப் பார்த்தாலே பிழை எந்தப் பக்கம் என்று பெரும்பாலும் விளங்கிவிடும்.

முதலில் உள்ளே இருக்கிற ஃபில்டரைக் கழுவிப் போடுங்கள். பிறகு ரிமோட்டில் கூல் மோட் வைத்து வெப்பநிலையை நன்றாகக் குறைத்துவிட்டு வெளியே போய் நில்லுங்கள். காஸை அழுத்திச் சுற்ற வைக்கிற கொம்பிரசர் எடுக்க மூன்று நிமிடம் வரை செல்லும், அது பாதுகாப்புக்காக வைத்திருக்கிற தாமதம், பயப்பட வேண்டாம். ஃபேன் சுற்றுகிறதா, கொம்பிரசரின் உறுமல் கேட்கிறதா, முன்பக்கத்தால் வருகிற காற்று சூடாக இருக்கிறதா என்று கவனியுங்கள். மூன்றும் சரியாக இருந்தும் அறை குளிரவில்லை என்றால் பிழையை வேறு இடத்தில் தேட வேண்டும்.

ஃபேன், கொம்பிரசர் இரண்டுமே ஓடவில்லை என்றால் பெரும்பாலும் கரண்ட் அங்கே போய்ச் சேரவில்லை. பார்க்க வேண்டியவை: பிரேக்கர், ஏசிக்கென்று போட்ட தனி சுவிட்ச், அப்புறம் உள் யூனிட்டிலிருந்து வெளியே வருகிற வயர். வளவுப் பக்கம் இருக்கிற வீடுகளில் அந்த வயரை எலி கடித்திருக்கும், பெட்டிக்குள் எறும்பு கூடு வைத்திருக்கும், பல்லி உள்ளே இருக்கிற மின்சுற்று போர்டில் ஒட்டிச் செத்திருக்கும். ஐப்பசி இடி மின்னலுக்குப் பிறகு இன்வேர்ட்டர் ஏசி (கொம்பிரசரின் வேகத்தைத் தேவைக்கேற்பக் கூட்டிக் குறைக்கிற வகை) அசையவில்லை என்றால் போர்டைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

ஃபேன் சுற்றுகிறது, காற்று சூடில்லை, சில நிமிடத்துக்கு ஒருக்கால் "ம்ம்ம்" என்று முனகி "டக்" என்று நிற்கிறது என்றால் கொம்பிரசர் எழும்பப் பார்த்து முடியாமல் விழுகிறது. பழைய, இன்வேர்ட்டர் இல்லாத ஏசிகளில் இதற்கு முதல் காரணம் கப்பாசிட்டர், அதாவது கொம்பிரசர் எழும்ப உதவுகிற உருளை மாதிரியான மின் சாமான். மேல்மூடி உப்பியிருந்தால், எண்ணெய் வடிந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே இளைத்திருக்கும், ஆகவே வேலை தெரிந்த ஆளைக் கொண்டு மீட்டரில் அளக்கச் சொல்லி, அதன் உடம்பில் எழுதியிருக்கிற மைக்ரோபரட் அளவோடு ஒப்பிட வேண்டும். 35 என்று எழுதியிருக்க 25 காட்டினால் அதுதான் குற்றவாளி. அடுத்த காரணம் வோல்ட்டேஜ். எங்களுக்கு வர வேண்டியது 230, ஆனால் லைன் முடிகிற இடத்து வீடுகளில் பொழுதுபட்டு எல்லோரும் லைட்டும் மோட்டாரும் போடுகிற நேரத்தில் நன்றாக இறங்கிவிடும். பகலில் ஓடுகிற ஏசி இரவு ஏழு மணிக்கு மட்டும் முனகுகிறது என்றால் கொம்பிரசரைக் குறை சொல்லாமல், அந்த நேரத்திலேயே வோல்ட்டேஜை அளக்கச் சொல்லுங்கள்.

கொம்பிரசர் ஓடி ஃபேன் நிற்கிறது என்றால் உடனே நிறுத்துங்கள், சூட்டில் கொம்பிரசர் போய்விடும். மெயினை நிறுத்தி, கம்பிவலை முகப்பைக் கழற்றி, இறக்கையைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுகியிருந்தால் பெயரிங், லேசாகச் சுற்றினால் ஃபேனின் கப்பாசிட்டர் அல்லது மோட்டார். ஓடும்போது தடியால் தட்டி விடுகிற வேலை வேண்டவே வேண்டாம்.

இனி எங்கள் பக்கத்துக்கே உரிய பிழை. காலையில் நன்றாகக் குளிரும், மத்தியானம் கொஞ்ச நேரம் ஓடி நிற்கும், ஆறிய பிறகு திரும்ப எடுக்கும். இதைத்தான் பலர் காஸ் குறைவு என்கிறார்கள். டோர்ச் எடுத்துக்கொண்டு யூனிட்டின் பின்பக்கம் போங்கள். காற்றை இழுப்பது அந்தப் பக்கம்தான். கச்சான் காற்றுக் காலத்துச் செம்மண் புழுதியும் நெல் வெட்டுகிற நேரத்துத் தூசும் அலுமினியத் தகடுகளுக்கு இடையில் கம்பளி மாதிரிப் படிந்திருக்கும், விரலால் சுரண்டினால் செம்மண் நிறத்தில் பாளம் பாளமாக உரியும். சூடு வெளியேற வழியில்லாமல் கொம்பிரசர் கொதித்துத் தன்னைத் தானே நிறுத்துகிறது, அவ்வளவுதான். மெயினை நிறுத்திவிட்டு, போர்டுப் பக்கத்தைப் பொலித்தீனால் மூடி, சாதாரண ஹோஸ் தண்ணியை மேலிருந்து கீழாக விடுங்கள். கார் கழுவுகிற பிரஷர் மெஷின் தகடுகளை மடித்துவிடும். கள்ளருக்குப் பயந்து யூனிட்டைச் சுற்றித் தகரம் அடித்திருந்தால் அதையும் கழற்றிவிட்டுக் கம்பிக் கூடு போடுங்கள், விட்ட சூட்டுக் காற்றையே அது திரும்ப இழுத்துக்கொண்டிருக்கும். கடற்கரைப் பக்கம் உப்புக்காற்றில் தகடு பொடியாக உதிர்ந்திருந்தால் கழுவிப் பயனில்லை, தகடும் குழாயும் சேர்ந்த அந்தக் காயிலையே மாற்ற வேண்டிவரும்.

சரி, காஸ் உண்மையிலேயே குறைந்திருந்தால்? மெல்லிய செப்புக் குழாயில் ஐஸ் படிந்து, தடித்த குழாய் வியர்க்காமல் வரண்டிருக்கும். நட்டுகளைப் பாருங்கள். கசிகிற இடத்தில் எண்ணெய் பிசுபிசுத்து அதில் புழுதி கறுப்பாக ஒட்டியிருக்கும். சவர்க்கார நுரையைத் தடவினால் குமிழி வரும்.

ட்ரிப் சுவிட்ச் விழுந்தால் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்காதீர்கள், மழைக்கு மட்டும் விழுந்தாலும்கூட. எங்கோ கரண்ட் கசிகிறது, பெட்டியில் கை வைத்தால் உயிர் போகலாம். கப்பாசிட்டரும், அதைவிட இன்வேர்ட்டர் போர்டும், மெயினை நிறுத்திய பிறகும் கரண்டைப் பிடித்து வைத்திருக்கும், போர்டில் 300 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். பழக்கமில்லாதவர்கள் போர்டும் கப்பாசிட்டரும் இருக்கிற பக்கத்து மூடியைத் திறக்க வேண்டாம். ஆளைக் கூப்பிட்டு, நீங்கள் பார்த்ததை அப்படியே சொல்லுங்கள். இன்வேர்ட்டர் என்றால் டிஸ்பிளேயில் வந்த பிழைக் குறியீட்டையும் போனில் படம் எடுத்துக் காட்டுங்கள்.

காஸ் அடிக்கத்தான் வேண்டும் என்று அவர் சொன்னால், கசிவை அடைத்தபின் வெக்கூம் பம்ப் போட்டுக் குழாயை வெறுமையாக்கி, யூனிட்டின் ஸ்டிக்கரில் போட்டிருக்கிற நிறைக்குத் தராசில் வைத்து ஏற்றச் சொல்லுங்கள். ஆர்32, ஆர்410ஏ போன்ற காஸ் வகைகளில் எது என்று அதே ஸ்டிக்கரில் இருக்கும், ஒன்றுக்குப் பதில் மற்றதை ஏற்ற விடாதீர்கள். பம்பும் தராசும் கொண்டுவராத ஆளைத் திருப்பி அனுப்புங்கள்.