சந்தைக் கழிவை உரமாக்கி வயலுக்கே திருப்புவது எப்படி

காய்கறி நகரத்துக்கு ஏறிப்போகும்போது வயலின் சத்தும் கூடவே போகிறது. தோல், தண்டு, அழுகல் எல்லாம் குப்பைமேட்டில் புதைந்தால் காற்றில்லாமல் அழுகி, புவியைச் சூடாக்கும் மீத்தேன் வாயு கிளம்பும். வயலோ ஆண்டுக்காண்டு மெலியும். அந்தக் கழிவை மட்கவைத்து வந்த வழியே அனுப்பினால் இரண்டுக்கும் தீர்வு கிடைக்கும்.

கழிவு விழும் இடத்திலேயே தரம் பிரித்தாக வேண்டும். கண்ணாடித் துண்டைப் பிறகு சலித்து எடுத்துவிடலாம். பேட்டரியிலிருந்து கசிந்த ஈயமும் காட்மியமும் எந்தச் சல்லடையிலும் நிற்காது. வயலில் சேர்ந்துவிட்டால் அவற்றை வெளியேற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். அதனால் ஊர் முழுவதன் குப்பையையும் ஒரே நாளில் ஏற்றுக்கொள்ளாமல், ஒரே ஒரு காய்கறிச் சந்தையோடு தொடங்குங்கள். கட்டுக்கயிறு, ரப்பர் வளையம், பிளாஸ்டிக் உறை மூன்றையும் அங்கேயே எடுத்துவிடச் சொல்லுங்கள்.

உரக்களத்துக்குக் கெட்டியான, லேசாகச் சரிந்த மேட்டுநிலம் போதும். கிணறு, ஓடைக்கு அருகில் வேண்டாம். நல்ல விளைநிலத்தையும் இதற்கு எடுக்காதீர்கள். குவியலைச் சரிவின் போக்கிலேயே நீளவாக்கில் போட்டால் மழைநீர் இடையில் தேங்காமல் வடியும்.

காய்கறிக் கழிவில் ஈரமும் தழைச்சத்தும் (நைட்ரஜன்) மிகுதி. எனவே கொள்ளளவில் ஒரு பங்கு கழிவுக்கு இரண்டு பங்கு சருகு, வைக்கோல், நறுக்கிய கிளை எனச் சேருங்கள். கரிமமும் (கார்பன்) தழைச்சத்தும் 30-க்கு 1 என்ற அளவை ஒட்டி இருக்க வேண்டும். மரத்தூளை மட்டும் நம்பாதீர்கள்: அதில் கரிமம் மிக அதிகம், நுண்மையாக இருப்பதால் காற்றையும் அடைத்துவிடும். உயரம் ஒன்றரை மீட்டர், அகலம் இரண்டரை மீட்டர் வரை போதும். இதற்கு மேல் போனால் நடுவில் காற்று எட்டாது. ஒரு மீட்டருக்குக் கீழே என்றால் சூடு நிற்காது.

நடுவிலிருந்து ஒரு பிடி எடுத்து இறுகப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு கசிந்தால் ஈரம் சரி. ஒழுகினால் சருகு சேருங்கள், உதிர்ந்தால் தண்ணீர் தெளியுங்கள்.

சில நாளில் சூடு 55 டிகிரி செல்சியஸைத் தாண்டும். நோய்க்கிருமியும் களைவிதையும் சாக, 15 நாள் அந்தச் சூட்டுக்குக் குறையாமல் வைத்து, அதற்குள் 5 முறை புரட்ட வேண்டும். வெளிப்புறத்தில் இருந்தது ஒவ்வொரு முறையும் உள்ளே போகவேண்டும். மேலோட்டமாகக் கிளறினால் ஓரத்து விதைகள் பிழைத்துக்கொள்ளும். 70 டிகிரியை நெருங்கினால் உடனே புரட்டுங்கள், மட்கவைக்கும் நுண்ணுயிர்களே செத்துப்போகும். அழுகல் நாற்றம் காற்றில்லை என்பதற்கு அடையாளம். மூக்கைத் துளைக்கும் அம்மோனியா நெடி வந்தால் சருகு போதவில்லை, தழைச்சத்து வீணாகப் பறக்கிறது.

சூடு தணிந்தபின் குறைந்தது ஒரு மாதம் ஆறவிடுங்கள். அவசரப்பட்டு இடும் பச்சைக் குப்பை மண்ணிலுள்ள தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், பயிர் மஞ்சளிக்கும். ஈரமான ஒரு கைப்பிடியைப் பையில் இறுகக் கட்டி மூன்று நாள் கழித்துத் திறந்து பாருங்கள். புளித்த வாடை வந்தால் இன்னும் ஆகவில்லை.

புல்வெளி வெட்டுகளைச் சேர்த்திருந்தால் இன்னொரு சோதனை கட்டாயம். குளோபிரலிட், அமினோபிரலிட் போன்ற களைக்கொல்லிகள் மட்கிய பின்னும் எஞ்சக்கூடியவை. உரமும் மண்ணும் சம அளவு கலந்த தொட்டியிலும் வெறும் மண் தொட்டியிலும் பீன்ஸ் விதையுங்கள். மூன்று வாரத்தில் உரத்தொட்டிச் செடியின் இலை மட்டும் கிண்ணம்போல் குவிந்து, தளிர் முறுக்கிக்கொண்டால் அந்தக் குவியலைத் தக்காளி, பயறு வயலுக்கு அனுப்பவே கூடாது.

ஏக்கருக்கு 4 டன் அடியுரமாக, அதாவது விதைக்கும் முன்பே, போடலாம். உரத்திலுள்ள தழைச்சத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் முதல் ஆண்டில் பயிருக்குக் கிடைக்கும். ஆகவே வழக்கமான உரத்தை ஒரேயடியாக நிறுத்திவிட வேண்டாம், மண் பரிசோதனையைப் பார்த்துப் படிப்படியாகக் குறையுங்கள்.

ஒரு கன மீட்டர் மட்கு உரம் சுமார் அரை டன் இருக்கும். அதற்கெனத் தனி வண்டி வைத்தால் கட்டுப்படியாகாது; காய்கறி இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் லாரியில் ஏற்றுங்கள். பச்சைக் கழிவை அள்ளிய மண்வெட்டியால் ஆறிய உரத்தைத் தொடாதீர்கள், ஒழித்த கிருமி மறுபடி ஏறும். அதே லாரியில் அடுத்த நாள் காய்கறி வரும் என்பதால், உரத்தை இறக்கியதும் வண்டித் தளத்தைக் கழுவிக் காயவிடுங்கள்.